எலும்பு தந்தவர் கையெழுத்து

வித்யாசிகரம் கலை அறிவியல் கல்லூரிக்கு எதுவும் தெரியாத ஒருவர் தேவைப்பட்டார்.

கல்லூரி சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற சாலையில் இருந்தது. எப்படியாவது பல்கலைக்கழகம் ஆகிவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. பல்கலைக்கழகம் ஆக ஆராய்ச்சி வேண்டும். மனித சம்பந்தமான ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு வேண்டும். அந்தக் குழுவில் தலைவர், செயலாளர், டாக்டர், வக்கீல் ஆகியோரோடு, இந்தப் படிப்பெல்லாம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் உட்கார வேண்டும் என்பது விதி. பெரிய படிப்புக்காரர்கள் ஒன்றுகூடினால் சாதாரண மனிதனை மறந்துபோவார்கள் என்று பயந்து யாரோ நல்லவர் போட்ட விதி அது. அந்த நாற்காலிக்குப் 'பாமர உறுப்பினர்' என்று பெயர்.

மற்ற நான்கு பேரும் சுலபமாகக் கிடைத்தார்கள். பாமரர் கிடைக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தனக்கு எல்லாம் தெரியும் என்றார்கள்.

கடைசியில் ஒரு விசைத்தறிக்கூட முதலாளிதான் காசிராஜனை அனுப்பிவைத்தார்.

"ஏலே காசி, காலேஜ்ல ஒரு ஆள் கேட்காவ. ஒன்னும் தெரியாத ஆளா இருக்கணுமாம். எனக்குச் சட்டுனு ஒன் ஞாபகந்தான் வந்துச்சு. போயிட்டு வா."

காசிராஜனுக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகி, யாரிடமும் உரக்கவே பேசுவார். அவருடைய மகள் இசக்கிசெல்வி அந்தக் கல்லூரியில் கணிதம் இரண்டாம் வருடம் படித்தாள். அதனால் மறுக்கவும் வழியில்லை.

குழுவின் செயலாளர் நிர்மலாதேவி, கல்லூரியின் துணை முதல்வர். எழுதப்படாத எதுவும் நடக்கவில்லை, எழுதப்பட்ட எல்லாம் நடந்தது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் காசிராஜனை நேர்காணல் செய்தார்.

"புரோட்டீன்னா என்னன்னு தெரியுமா?"

"முட்டையில இருக்கும்னு சொல்லுதாவ மேடம்."

நிர்மலாதேவியின் முகம் சுருங்கியது. "யார் சொன்னா?"

"டீவில சொன்னான்."

"இனிமே டீவி பார்க்காதீங்க" என்று சொல்லி, நியமன உத்தரவைக் கொடுத்தார்.

முதல் கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை. தலைவர் வெள்ளத்துரை, போலீசில் டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த, வெள்ளிப் பூண் போட்ட லத்தி ஒன்றை எப்போதும் கையோடு வைத்திருப்பார். டாக்டர் பிரேமலதா, பல் டாக்டர். எலும்பு டாக்டர்கள் ஒருவரும் வர மறுத்ததால் அவரைப் பிடித்திருந்தார்கள். வக்கீல் இசக்கித்துரை மட்டும் வரவில்லை. தென்காசியில் கேஸ் இருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டார்.

"சார், கோரம் இல்லையே" என்றார் நிர்மலாதேவி.

கூட்டம் செல்லத் தேவையான ஆள் கணக்கைத்தான் அவர் சொன்னார். காசிராஜனுக்குக் கோரம் என்றால் பயங்கரம்தான். அது இல்லை என்று இந்த அம்மா ஏன் விசனப்படுகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

"இல்லேன்னா உண்டாக்கிருவோம்" என்று தலைவர் இரண்டு காவலாளிகளைக் கல்லூரி வேனில் அனுப்பினார்.

முக்கால் மணி நேரத்தில் வக்கீல் வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டின் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. கீழுதடு பிளந்து, கழுத்து வெள்ளைப் பட்டையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. காவலாளிகள் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அழுத்தி அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

'கோரம் நிறைவேறியது' என்று நிர்மலாதேவி பதிவேட்டில் எழுதினார். காசிராஜன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது அவருக்கு விளங்கிவிட்டது.

பிறகு எல்லாரும் எழுந்து, கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். 'ஆய்வின் பெயரால் எந்த மனிதருக்கும் தீங்கு இழைக்கவோ, இழைக்கப்படுவதைப் பார்த்திருக்கவோ மாட்டோம்.' வக்கீலின் பிளந்த உதட்டில் 'தீங்கு' என்ற சொல் சரியாக வரவில்லை. தலைவர் லத்தியால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி அந்தச் சொல்லை மட்டும் மூன்று முறை சொல்லவைத்தார்.

அடுத்து தலைமை உரை.

"எனக்கு எதுக்கு இந்தப் பதவின்னு சில பேரு கேட்காவ. முப்பத்திநாலு வருசம் சர்வீசு. என்கிட்ட வந்த ஒருத்தன்கூட சம்மதம் இல்லாம வாக்குமூலம் குடுத்தது கிடையாது. எல்லாவனும் மனசார எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தான். சில பேருக்கு விரல் மடங்காது. நாங்களே பேனாவைப் பிடிச்சுப் போடவச்சோம். அவ்வளவு ஒத்தாசை. எலும்பைப் பத்தி இந்த மேசையில எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? தொட்டுப் பார்த்தே சொல்லுவேன், இது தாங்கும், இது தாங்காதுன்னு."

பிரேமலதா கை தட்டினார்.

அதன் பிறகுதான் ஆய்வாளரை உள்ளே விட்டார்கள். பாஜிலா, உயிரித் தொழில்நுட்பத் துறையில் உதவிப் பேராசிரியை. முப்பது வயதிருக்கும். கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிப் புட்டி.

"இதுல இருக்கது மனித எலும்புப் புரதம் சார். மறுசேர்க்கை முறையில செஞ்சது. ஆய்வகத்துல மட்டும் பயன்படுத்துற பொருள். இதைத் தட்டுல பூசி, எலும்புச் செல்கள் அதுல ஒட்டி வளருதான்னு பார்க்கணும். அவ்வளவுதான் என் ஆய்வு."

நிர்மலாதேவி படிவத்தைப் புரட்டினார். "கேள்வி பதினாலு. 'எலும்பு தந்தவர் கையெழுத்து.' காலியா இருக்கே?"

"தந்தவர்னு யாரும் இல்ல மேடம்."

தலைவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். பழைய வேலை வந்துவிட்ட உற்சாகம் அவர் முகத்தில் தெரிந்தது. "மனுச எலும்புன்னு சொல்லுத. தந்த மனுசன் இல்லன்னும் சொல்லுத. அப்ப பாடிய எங்க வச்சிருக்க?"

"சார், இது ஒரு கிருமிக்குள்ள உண்டாக்குனது. பாக்டீரியா."

"சரி, அந்தக் கிருமிகிட்டயாவது சம்மதம் வாங்குனியா?"

வக்கீலுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. உதட்டைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு கேட்டார். "கிருமிக்கு என்ன வயசு?"

"இருபது நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாப் பெருகிரும் சார்."

"அப்ப மைனர். கார்டியன் கையெழுத்து வேணும்."

"சட்டம் பேசுற வேலை எனக்கு. நீரு சும்மா இரும்" என்றார் தலைவர்.

"வக்கீல் நானா நீரா?"

லத்தி இரண்டாம் முறை வக்கீலின் முழங்காலுக்குப் போனது. இந்த முறை அது தட்டு இல்லை. வக்கீல் அலறிக்கொண்டே கையில் அகப்பட்ட கண்ணாடி ஜாடியைத் தூக்கி எறிந்தார். தலைவர் குனிந்துகொண்டார். பின்னால் டீத் தட்டோடு வந்த அட்டெண்டர் குனியவில்லை. அவருடைய புருவத்துக்கு மேலே ஆறு தையல் போடவேண்டி வந்தது. நிர்மலாதேவி எழுதினார்: 'உறுப்பினர்களிடையே பயனுள்ள கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது.'

கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது காசிராஜன் மெதுவாகப் பாஜிலாவிடம் கேட்டார். மெதுவாக என்று அவர் நினைத்தது அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, மனுசனை வெட்டாம மனுச எலும்புச் சமாச்சாரம் எப்படிக் கிடைக்கும்?"

"நம்ம உடம்புல அந்தப் புரதத்தை எப்படிச் செய்யணும்னு ஒரு டிசைன் இருக்கு அண்ணாச்சி. அந்த டிசைனை மட்டும் காப்பி எடுத்துக் கிருமிக்குள்ள வச்சுட்டா, கிருமி அதையே செஞ்சு தள்ளும். யாரு எலும்பையும் தொடவே வேண்டாம்."

"அட, இது நம்ம டிசைன் அட்டைல்லா! சேலை முந்தியில மல்லியப்பூ விழுது. அதுக்கு நாங்க பூவா பறிக்கோம்? அட்டையில ஓட்டை போட்டுத் தறியில மாட்டிட்டா அதுபாட்டுக்குப் பூப்போட்டுத் தள்ளும்."

"அதேதான் அண்ணாச்சி. அதேதான்!" பாஜிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதத்தில் அவள் சொன்னது ஒருவருக்குப் புரிந்தது அதுவே முதல் தடவை.

நிர்மலாதேவி பேனாவை மூடினார். "காசிராஜன், உங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

"ஏதோ கொஞ்சம்..."

அன்று மாலையே அவருக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. பாமர உறுப்பினர் தமது பாமரத்தன்மையைப் பேணத் தவறியதாகவும், மீண்டும் இப்படி நடந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

பதினான்காம் கேள்விக்கு நேராகப் 'பொருந்தாது' என்று எழுதிக் கோப்பை ஒப்புதலுக்காக மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் அது திரும்பி வந்தது. 'எலும்பு தந்தவர் கையெழுத்து இல்லை. சரிசெய்து அனுப்பவும்.' கல்லூரிக்குப் பல்கலைக்கழகத் தகுதி தரலாமா என்று பார்க்கும் ஆய்வுக் குழு மாதக் கடைசியில் வரப்போகிறது. ஒப்புதல் பெற்ற ஒரு கோப்பாவது காட்ட வேண்டும் என்று தாளாளர் போனில் கத்தினார். குழு அவசரமாகக் கூடியது.

"தந்தவர் இல்லைன்னா நியமிக்க வேண்டியதுதான்" என்றார் நிர்மலாதேவி. "தந்தவருக்கு இந்த ஆய்வுல எந்த லாபமும் இருக்கக்கூடாது, வேற எந்த உள்நோக்கமும் இருக்கக்கூடாதுன்னு விதி சொல்லுது. நம்ம நாலு பேருக்கும் பதவி, பேரு, எல்லாம் இருக்கு. ஒன்னும் இல்லாதவர் ஒருத்தர்தான்."

எல்லாரும் காசிராஜனைப் பார்த்தார்கள்.

"என் எலும்பு அந்தப் புட்டிக்குள்ள எப்படி மேடம் போகும்? அது ஏற்கெனவே மூடித்தானே இருக்கு?"

"அது நெறிமுறை சம்பந்தமான கேள்வி இல்ல." பிறகு நிர்மலாதேவி குரலைத் தாழ்த்தி, மிக அன்பாகச் சொன்னார். "செல்விக்கு அடுத்த மாசம் பரீட்சைதானே? ஹால் டிக்கெட் என் மேசையிலதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

காசிராஜன் உட்கார்ந்துவிட்டார்.

பிரேமலதா இரக்கமுள்ளவர். கையையோ காலையோ தொட வேண்டாம், பல்லே போதும் என்று வாதாடினார். குழு ஏற்றது. அவர் பையில் குறடு இருந்தது, ஆனால் மரத்துப்போகிற ஊசி இல்லை. ஊசி போட்டால் தந்தவர் சுயநினைவோடு சம்மதித்தாரா என்ற கேள்வி வரும், அதனால் ஊசி இல்லாததே நல்லது என்று வக்கீல் கருத்துச் சொன்னார். அவர் இப்போது கைத்தடியோடு நடந்தார்.

சம்மதப் படிவம் ஏழு பக்கம். தந்தவரின் தாய்மொழியில் நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நிர்மலாதேவி நிதானமாகவே வாசித்தார். காவலாளிகள் காசிராஜனின் கைகளை நாற்காலிக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிரேமலதா ஒரு முழங்காலை அவர் நெஞ்சில் ஊன்றி, கீழ்க் கடைவாய்ப் பல்லில் குறடைப் போட்டார்.

"பக்கம் நாலு. 'தாங்கள் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பதை அறிவீர்களா?'"

"ஆ!" என்று காசிராஜன் அலறினார்.

'ஆம்' என்று நிர்மலாதேவி எழுதினார்.

பல் பாதியில் முறிந்தது. மீதிப் பாதியைத் தோண்டி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. படிவத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்றே பதில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ரத்தம் தெறித்திருந்ததால் அதை மட்டும் மறுபடி அச்செடுத்தார்கள்.

வீங்கிய தாடையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து இசக்கிசெல்வி பதறிவிட்டாள்.

"என்னப்பா ஆச்சு? யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல மக்கா. தானம் குடுத்தேன்."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பியதெல்லாம் சிவப்பாக வந்தது. கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிய பிறகு அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். "எனக்கு ஹால் டிக்கெட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க இனிமே அங்கன போகாதீய."

"பல்லுதானட்டி. முப்பத்தொன்னு மிச்சம் இருக்கு" என்றார் காசிராஜன். அன்று இரவெல்லாம் அவர் அனத்தியதை அவள் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

கோப்பு மறுபடி திரும்பி வந்தது. 'பல் எலும்பு ஆகாது. எலும்பைக் குறிப்பிடவும்.'

மூன்றாம் கூட்டம் நடந்தபோது ஆய்வுக் குழு வர மூன்று நாளே இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் கோப்பு போயாக வேண்டும். கடைசி நிமிடத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது என்று வக்கீலை முந்தின நாளே கல்லூரியில் அடைத்துவைத்திருந்தார்கள். காசிராஜன் மட்டும் தானாகவே வந்தார். அன்று காலைவரை ஹால் டிக்கெட் கிடைத்திருக்கவில்லை.

அவர் உள்ளே வந்ததும் காவலாளிகள் கதவைப் பூட்டினார்கள்.

எந்த எலும்பை முறிப்பது என்று விவாதம் நடந்தது. முறிந்தால் தந்ததாகக் கணக்கு. குறைந்தபட்சத் தீங்கு என்ற கொள்கைப்படி இடது முன்கை போதும் என்று பிரேமலதா சொன்னார். வேலை செய்கிற வலது கையை விட்டுவிடலாம்.

"மேடம், இழை அறுந்தா ஒத்தக் கையால முடிச்சுப் போட முடியாது. ரெண்டு கையும் வேணும். நாலு தறி ஓட்டுதேன். கை போச்சுன்னா முதலாளி வேற ஆளைப் போட்டுருவாரு."

"உங்க தியாகம் பதிவேட்டுல இருக்கும்" என்றார் நிர்மலாதேவி.

ஆய்வாளர் என்று வரவழைத்திருந்த பாஜிலா எழுந்து நின்றாள். "மேடம், நான் ஆய்வையே வாபஸ் வாங்குதேன். எனக்கு இந்தப் புரதம் வேண்டாம். அவரை விட்டுருங்க."

"வாபஸ் வாங்கணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும். விண்ணப்பம் குடுங்க, அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கலாம்."

"அல்லாவே! நீங்கள்லாம் மனுசங்கதானா?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்ல" என்றார் நிர்மலாதேவி. காவலாளி ஒருவன் பாஜிலாவை முடியோடு சேர்த்துப் பிடித்து மூலையில் தள்ளினான். அவள் நெற்றி அலமாரியின் விளிம்பில் மோதியது.

ஆய்வு நெறிமுறைகள் பற்றிய தடித்த புத்தகங்கள் இரண்டை மேசைமேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தார்கள். காசிராஜனின் இடது கையை அவற்றின்மேல் பாலம் போலக் கிடத்தினார்கள். காவலாளிகளில் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மற்றவன் முழங்கையைப் பிடித்தான். தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த முன்கையை மணிக்கட்டிலிருந்து மேலாக விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல எலும்பு. தறிக்காரன் கையாச்சே. ஒரே அடியில முடிச்சுருதேன், பயப்படாத வே. நான் அடிச்சு யாருக்கும் ரெண்டாவது அடி தேவைப்பட்டதில்ல."

நிர்மலாதேவி வாசிக்கத் தொடங்கினார். "'தாங்கள் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதை...'"

"விலகிக்கிடுதேன்" என்றார் காசிராஜன்.

நிர்மலாதேவி நிமிர்ந்தார். இதுவரை யாரும் அந்த வரியில் அப்படிச் சொன்னதில்லை.

"விலகுறதுக்குத் தனிப் படிவம். அது இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு. உங்களுக்குப் புரியாத படிவத்துல கையெழுத்து வாங்குறது நெறிமுறைக்கு விரோதம்." சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "நீங்க ஆரம்பிங்க சார்."

லத்தி தலைக்குமேல் உயர்ந்தது.

காசிராஜன் அப்போது எதையும் யோசிக்கவில்லை. தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாக் கட்டை தெறித்து முகத்துக்கு நேராக வரும்போது எப்படி உடம்பு தானாக விலகுமோ, அப்படி விலகியது. மேசையைக் காலால் உதைத்து, உடம்பு முழுவதையும் பின்னுக்கு எறிந்தார். பிடித்திருந்த இருவரும் முன்னால் இழுபட்டார்கள். இறங்கிய லத்தி, மணிக்கட்டைப் பிடித்திருந்தவனின் புறங்கையில் விழுந்தது. அவன் அலறிப் பிடியை விட்டான். காசிராஜன் லத்தியின் நுனியைப் பற்றி ஒரே வெட்டாக இழுத்தார். தலைவர் மேசைமேல் குப்புற விழுந்தார். அவருடைய வலது கை, அந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போலக் கிடந்தது.

காசிராஜன் அடித்தார்.

பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. காது மந்தமான காசிராஜனுக்கே கேட்டது. தலைவரின் முன்கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவர் ஒரு நொடி அதை வியப்போடு பார்த்தார். பிறகுதான் ஊளையிட ஆரம்பித்தார்.

அடுத்து நடந்ததை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. மற்றக் காவலாளி பாய்ந்தான், லத்தி அவன் முட்டியில் இறங்கியது. பிரேமலதா நாற்காலிமேல் ஏறி நின்று குறடை வீசினார், அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போயிற்று. வக்கீல் நொண்டிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்து, கைத்தடியால் தலைவரின் விலாவில் நான்கு போட்டார். இரண்டு கூட்டமாக அவர் மனதுக்குள் வைத்திருந்த நான்கு.

காசிராஜன் நடு அறையில் லத்தியோடு நின்றார். சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"எம் மகள் ஹால் டிக்கெட்டை எடும்மா" என்றார்.

நிர்மலாதேவி எடுத்து நீட்டினார். ஒரு காகிதத்தை உரிய விண்ணப்பம் இல்லாமல் அவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"இவனை விடக்கூடாது..." தலைவர் தரையில் புரண்டார். "கொலை முயற்சி. முன்னூத்தி ஏழு போடுங்க!"

"இப்ப அது நூத்தி ஒம்பது சார். சட்டம் மாறிட்டு" என்றார் வக்கீல், மூச்சு வாங்க.

நிர்மலாதேவி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு இருபது. பிறகு தலைவரின் கையைப் பார்த்தார். கோப்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சார், கேஸ் குடுத்தா இது குற்றம் ஆயிரும். குற்றத்துல முறிஞ்ச எலும்பை ஆய்வுக்குக் காட்ட முடியாது. தானம்னு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா கேள்வி பதினாலு முடிஞ்சுது."

"மாட்டேன்!"

நிர்மலாதேவி தாளாளருக்குப் போன் செய்து, ஒலிபெருக்கியில் போட்டார். தாளாளர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "போடலேன்னா அடுத்த கையையும் கேளுங்க."

வெள்ளத்துரை இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழகாத கை, பேனாவுக்கு விரல் மடங்கவில்லை. நிர்மலாதேவியே பேனாவைப் பிடித்து ஒத்தாசை செய்தார். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்' என்ற வரிக்குக் கீழே அது கோணலாக விழுந்தது.

கோப்பு ஏற்கப்பட்டது. ஆய்வுக் குழு வந்து கோப்பை மட்டும் பார்த்துவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனது. மேடையில் வெள்ளத்துரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கிடக்க, தன்னலமற்ற தானம் பற்றி அவர் இருபது நிமிடம் பேசினார். காசிராஜன்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. வந்தால் கையெழுத்து பொய்யாகிவிடும். இசக்கிசெல்வி எல்லாப் பரீட்சையும் எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து நான்காம் கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. போகவேண்டாம் என்றுதான் மகள் சொன்னாள். என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று காசிராஜன் போனார். அவர் நுழைந்ததும் காவலாளிகள் இருவரும் வாசலைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மேசைமேல் அந்தக் கண்ணாடிப் புட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

நிர்மலாதேவி விளக்கினார். "ஒப்புதல் கிடைச்சது, தலைவரோட வலது முன்கை எலும்புல இருந்து வந்த புரதத்துக்கு. இந்தப் புட்டியில இருக்கது கிருமியில இருந்து வந்ததுன்னு லேபிள் சொல்லுது. ஆக இது ஒப்புதல் இல்லாத, தந்தவர் பேர் தெரியாத மனிதப் பொருள். நெறிமுறைப்படி அழிக்கணும். பாமர உறுப்பினர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"அந்தப் பிள்ளை எங்க?"

"பாஜிலாவா? ராஜினாமா குடுத்துட்டாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

காசிராஜன் கொஞ்ச நேரம் சுத்தியலைப் பார்த்தார். பிறகு எழுந்து, புட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"காசிராஜன், அது நெறிமுறைக்கு..." என்று தொடங்கினார் தலைவர். காசிராஜன் திரும்பிப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. சும்மா பார்த்தார். தலைவர் மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பாஜிலா கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியில் புத்தக மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றிக் காயம் காய்ந்து கருத்திருந்தது. அவர் நீட்டியதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெட்டுப் போயிருக்குமாம்மா?"

"இல்ல அண்ணாச்சி, உலர்ந்த பொடி. ஒரு நாள் தாங்கும். மதுரையில ஒரு லேப்ல இடம் குடுத்திருக்காங்க. அங்க ஃப்ரீசர் இருக்கு." அவள் எதிர்க் கடையில் ஐஸ் வாங்கி வந்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டுப் புட்டியைப் புதைத்தாள்.

காசிராஜன் குனிந்து பார்த்தார். "உள்ள ஒன்னுமே தெரியலையே?"

"கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு கொஞ்சம்."

"நிசமாவே, இதைச் செய்யறதுல யாருக்கும் வலிக்கலதானே?"

"யாருக்கும் வலிக்கல அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு மணி ஷிப்ட்டுக்கு நேரமாகியிருந்தது. ஸ்கூட்டி வளைவு திரும்பும்வரை சாலையில் நின்று பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஓடி ஏறினார்.